விட்டுட்டு வந்துட்டேம்மா

எங்க மாடி வீட்டு சார் கொசு பேட் வாங்குனதே இல்ல. செம்பாக்கத்துல, அதுவும் ஏரிக்குப் பக்கத்துல குடியிருந்துக்கினு கொசு பேட் இல்லாத வூடு அது ஒண்ணுதான். பொழுது சாஞ்சா தெருவே பட் பட்னு பொரியும். அவர் மட்டும் மாடிப் படியில உக்காந்துக்கினு, கையில வந்து குந்துற கொசுவைக் குனிஞ்சு பார்ப்பார். அப்புறம் வாயைக் குவிச்சு, கொழந்தைக்குச் சோறு ஆத்தற மாதிரி மெதுவா ஊதுவார். "போ... போ." ஏன் சார், ஒரு அடி போட்டா இன்னான்னு கேட்டா, "பசிக்குதும்மா அதுக்கு"ன்னு சொல்லுவார்.

அவ்ளோ நல்ல மனுஷன். அவரை நெனச்சாத்தான் எனக்கு இன்னிக்கும் ஈரக்கொலை நடுங்குது. நான் மீன் விக்கிறவ. விடியக்காலம் கோவளத்துல சரக்கு எடுத்துக்கினு வந்து வாசல்ல கூடையைக் கவுத்தா, முதல்ல நான் மீனைப் பாக்கறதில்ல. மீனுக்கு நடுவுல சாம்பல் கலர்ல கொழகொழன்னு எதனா கீதான்னுதான் கண்ணு தேடுது. இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் மூச்சு வருது. வாங்க வர்ற பொம்பளைங்க, "இன்னா அக்கா, மீனைப் பாத்து நீயே பயப்படறே"ன்னு கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும்.

நான் பொறந்தது முட்டுக்காட்டுப் பக்கம், கடல் உள்ள வந்து நிக்குதே அந்த உப்பங்கழி ஓரம். கட்டிக்கினு வந்தது செம்பாக்கம். கீழ் போர்ஷன்ல நானும் எங்க வூட்டுக்காரரும். மேல சாரும் அவர் சம்சாரமும். அவங்களை நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். கீழ நான் நாள் முழுக்க மீன் அறுத்துக்கினு இருப்பேன், மேல அவர் எறும்புக்கு வழி விட்டுக்கினு இருப்பார். இதை வச்சே தெருவுல எங்க ரெண்டு பேரையும் ஓட்டுவாங்க. அவர் கோச்சுக்கினதே கிடையாது. "நீ உன் தொழிலைப் பண்ணும்மா, நான் என் தொழிலைப் பண்றேன்"னு சிரிப்பார்.

அவர் தொழில் இன்னான்னு கேட்டீங்கன்னா அதான் வேடிக்கை. மறைமலை நகர்ல கார் பார்ட்ஸ் செய்யிற ஒரு கம்பெனில குவாலிட்டி செக்கிங். ஒரு மயிரிழை கீறல் இருந்தாலும் எடுத்து சிவப்பு டப்பாவுல போட்டுடுவாராம். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பீசு வெளிய போனதில்லைன்னு கம்பெனில பேரு. "அங்க அத்தனையும் ரிஜெக்ட் பண்றீங்களே, வூட்டுல ஒரு கரப்பானை ரிஜெக்ட் பண்ணக் கூடாதா"ன்னு அக்கா தலையில அடிச்சுக்குவாங்க. கரப்பானை டம்ளரைக் கவுத்துப் பிடிச்சு, காலண்டர் தாளை அடியில விட்டு, அலுங்காம குலுங்காம எதிர் மனை வரைக்கும் எடுத்துக்கினு போவார். எதிர் மனைல அடுத்த வருஷம் வூடு கட்டிக் குடி வந்தவங்க, இன்னா சாமி இவ்ளோ கரப்பானுன்னு மூக்கால அழுதாங்க.

எலின்னா ஸ்கூட்டர். பொறியோட முன்னாடி வச்சுக்கினு ஏரிக்கரைக்குப் போவார். திரும்பி வந்து கேட்டைத் தொறக்கும்போதே சொல்லுவார், "விட்டுட்டு வந்துட்டேம்மா." அப்ப அவர் முகத்தைப் பாக்கணுமே! கோயிலுக்குப் போய் நல்ல தரிசனம் ஆனவர் மாதிரி இருக்கும். "சார், எலி உங்களுக்கு முன்னாடியே வந்து சேந்துடுச்சு. உள்ள காபி குடிச்சுக்கினு கீது"ன்னு நான் சொல்லுவேன். அவரும் சிரிப்பார், அக்காவும் சிரிப்பாங்க. ஏரிக்கரைல பொட்டிக்கடை வச்சிருந்த பொம்பளை மட்டும் சிரிக்கல. அவ கடை பிஸ்கட் பாக்கெட்டையெல்லாம் எலி கொதறிப் போட்டுடுச்சு. அது சாருக்குத் தெரியாது. கொண்டுபோய் விட்டுட்டா அவர் கணக்குல அது நல்லா இருக்குன்னு அர்த்தம். விட்ட எடத்தை அவர் திரும்பிப் பார்த்ததே இல்ல.

ஒருநாள் என் கூடைல ஒரு கழி நண்டு, கால்ல கட்டு போட்டு உயிரோட கெடந்துது. கொழம்பு வச்சா தெருவே மணக்கும், அப்டி ஒரு நண்டு. சார் ஆபீசு பஸ்ஸுக்குப் போறவர் நின்னுட்டார். நண்டு கண்ணை நீட்டி அவரைப் பாத்துதாம். "என்னைப் பாக்குதும்மா"ன்னு சொல்லி, அதைப் பையில போட்டு வாங்கிக்கினு போயி ஏரியில விட்டுட்டு வந்துட்டார். மறுநாள் ஏரிக்கரை ஓரமா அது வயித்தைக் காட்டிக்கினு மெதந்துச்சு. நல்ல தண்ணில அது எப்டி பொழைக்கும்? வாக்கிங் போனப்ப அவரே பாத்துட்டார். வந்து படியில உக்காந்து அழுதார். நெசமாவே அழுதார்ங்க, மீசை நனைய. "உப்புத் தண்ணில விட்டிருக்கணும். உப்புத் தண்ணி ஜீவனை உப்புத் தண்ணிலதான் விடணும்"னு தனக்குத்தானே சொல்லிக்கினு இருந்தார். எனக்கும் பாவமா இருந்துச்சு. ஒரு நண்டுக்கு இப்டி அழற ஆம்பளையை நான் எங்க பாத்திருக்கேன்!

அவங்க பையன் வெளிநாடு போனப்புறம் மாடி வெறிச்சுன்னு ஆயிடுச்சு. சார் பம்மல்ல ஒரு கலர் மீன் கடையில சொல்லி, உப்புத் தண்ணித் தொட்டி ஒண்ணு வாங்கி ஹால்ல வச்சார். மஞ்சள் மீனு, கோடு போட்ட மீனு, பூ மாதிரி விரிஞ்சு விரிஞ்சு மூடற ஒண்ணு. அழகுக்கு உள்ள வைக்க எங்கயோ வெளிநாட்டுக் கடல்லேர்ந்து வந்த கல்லு. அந்தக் கல்லுல ஒட்டிக்கினு வந்ததுதான் அதுங்க ரெண்டும். கட்டை விரல் தண்டிக்கு, சாம்பல் கலர்ல, ஓடு இல்ல, செதில் இல்ல, முகமும் இல்ல. முன்னாடி ரெண்டு சின்னக் கொம்பு மட்டும். கடைக்காரன்கிட்ட போன்ல கேட்டா, "கடல் அட்டையா இருக்கும் சார், ஒண்ணும் பண்ணாது"ன்னானாம்.

கொஞ்ச நாள் கழிச்சு சார் மாடிலேர்ந்து கூப்பிட்டார். "அம்மா, ஓடி வா, ஓடி வா!" அக்காவுக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சுன்னு நான் அறுத்த கையோட ஓடுனேன். பாத்தா, தொட்டிக் கண்ணாடில வெள்ளையா ஒரு நாடா. ரிப்பன் பக்கோடாவைச் சுத்திச் சுத்தி வட்டமா ஒட்டி வச்சா எப்டி இருக்கும், அப்டி. கிட்டப் போய்ப் பாத்தா அந்த நாடா முழுக்க பொடிப் பொடியா புள்ளி. "முட்டைம்மா. நம்ம வீட்ல பிரசவம்"னார். அக்காவைக் கேசரி கிண்டச் சொல்லி எனக்கும் ஒரு கிண்ணம் குடுத்தார். "ரெண்டுல எது சார் பொம்பளை?"ன்னு கேட்டேன். "அதான்மா ஆச்சரியம், ரெண்டுமே போட்டிருக்கு"ன்னார். கேசரி வாயில இருக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டுமே போடுதுன்னா நிறுத்தறது யாரு?

அதுக்கப்புறம் நான் மேல போகும்போதெல்லாம் தொட்டியில அதுங்க கூடிக்கினே போச்சு, மீனு கொறஞ்சுக்கினே போச்சு. கோடு போட்ட மீனு போச்சு. பூ மாதிரி விரிஞ்சது போச்சு. மஞ்சள் மீனோட வால் மட்டும் ஒரு நாள் தண்ணில சுத்துச்சு. அதுங்களே ஒண்ணை ஒண்ணு தின்னறதையும் நான் இந்தக் கண்ணால பாத்தேன். சார் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, என் கூடைக் கழிவுலேர்ந்து வாங்கிக்கினு போன மீன் துண்டை ஒண்ணொண்ணுக்கா போட்டுக்கினு இருந்தார். "பசிதான்மா, வேற ஒண்ணும் இல்ல"ன்னார்.

தெருவுல பட்டாணின்னு ஒரு நாய். சார் வளத்த நாய்னே சொல்லலாம். ஒரு ஞாயித்துக்கெழமை தொட்டியைக் கழுவறதுக்காக அதுங்களையெல்லாம் பிளாஸ்டிக் டப்புல எடுத்து மொட்டை மாடில வச்சிருந்தார். பட்டாணி மேல ஏறிப் போய் டப்புல மூஞ்சியை விட்டு ஒண்ணைக் கவ்விடுச்சு. கவ்வுன வேகத்துல துப்பவும் துப்பிடுச்சு. கொஞ்ச நேரத்துல வாந்தி. பின்னங்கால் ரெண்டும் துணி மாதிரி தொவண்டு போச்சு. நானும் சாரும் ஆட்டோவுல போட்டுக்கினு தாம்பரத்துல நாய் டாக்டர்கிட்ட ஓடுனோம். அது என் மடியிலதான் படுத்திருந்துச்சு. கண்ணு முழிச்சுக்கினே இருக்குது, மூச்சு மட்டும் கொறஞ்சுக்கினே வருது. டாக்டர் வாசல்ல எறக்கும்போது நின்னுடுச்சு.

சார் டப்பாவுல போட்டுக் கொண்டாந்திருந்த அந்த ஜந்துவை டாக்டர் போட்டோ புடிச்சு, கடல் ஜீவனைப் பத்திப் படிச்ச அவர் சிநேகிதர் ஒருத்தருக்கு அனுப்பிட்டு, மறுநாள் போன் பண்ணார். சார் ஸ்பீக்கர்ல போட்டார், நானும் அக்காவும் கேட்டோம். "சார், அது அட்டை இல்ல. ஓடு இல்லாத கடல் நத்தை. நம்ம கடலோடது இல்ல. உடம்பு முழுக்க விஷம். ஆணும் அதுவேதான், பெண்ணும் அதுவேதான். ஒரு தடவை சேந்துட்டா, அப்புறம் ஒண்ணே ஒண்ணு தனியா இருந்தாக்கூட முட்டை போட்டுடும். சுண்ணாம்புல போட்டுக் கொன்னு, புதைச்சிடுங்க. தயவுசெஞ்சு கடல்ல மட்டும் விட்டுடாதீங்க." அக்கா அப்பவே எழுந்து, "கொல்லுங்க. இன்னிக்கே கொல்லுங்க"ன்னாங்க. சார் பட்டாணியைப் பொதைச்ச மண்ணு நகக்கண்ணுல இன்னும் இருக்க, தொட்டியைப் பாத்துக்கினு நின்னார். "தனக்குள்ள விஷம் இருக்குன்னு அதுக்குத் தெரியுமாம்மா?"ன்னு என்கிட்ட கேட்டார்.

அடுத்த வாரம் மாடிக்குப் போனேன். தொட்டி காலி. பளிச்சுன்னு தொடச்சு வச்சிருந்தார். அப்பாடா, முடிச்சுட்டார்னு நெனச்சேன். சார் ரூம்லேர்ந்து வந்தார். முகத்துல, எலியை விட்டுட்டு வர்றப்ப இருக்குமே, அந்தப் பளபளப்பு.

"விட்டுட்டு வந்துட்டேம்மா."

"அய்யய்யோ! டாக்டர் இன்னா சொன்னார் சார்?"

"கடல்ல விடாதீங்கன்னார். நான் கடல்ல விடலையே. ஒரு குட்டை. நாலு பக்கமும் கரை. உப்புத் தண்ணிதான், வாயில வச்சுப் பாத்துட்டேன். யாருக்கும் தொந்தரவு இல்லாம நிம்மதியா இருக்கும்."

"எந்தக் குட்டை?"

"முட்டுக்காட்டுல. எறா பண்ணைக்கு வெட்டி பாதில விட்டிருக்காங்களே, அது."

அந்தக் குட்டைல தெனமும் எறங்கறது வேற யாரும் இல்ல, என் தம்பி ஏழுமலையும் அவன் பொண்டாட்டி கன்னியம்மாவும்தான். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணில குனிஞ்சு, அடிச் சேத்துல கையால தடவித் தடவி எறா புடிப்பாங்க. ரெண்டு கையும் சேத்துல இருக்கணும், அதனால புடிச்ச எறாவைப் போடறதுக்கு ஓலையில பின்னுன பறியை, அதோட கயித்தைப் பல்லால கடிச்சுக்கினு முகத்துக்கு நேரா தொங்க விட்டுக்குவாங்க. கைக்குத் தெரியறதுதான், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. சேறு தொட்ட கையும் வாயும் அவ்ளோ கிட்ட. அதுவும் இல்லாம, ஐப்பசி மழையில அந்தக் குட்டைக் கரை முழுகிடும். குட்டை கழியோட சேரும், கழி கடலோட சேரும். அப்புறம் கழியை நம்பி கையை விட்டுத் தடவற எங்க ஜனம் மொத்தமும் எங்க போவும்?

தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், அந்தக் குட்டைல எறங்காதே."

"இன்னாக்கா காலங்காத்தால பேஜார் பண்ற? கழில தண்ணி ஏறிக்கினு கீது. குட்டைலதான் இப்ப எறா."

"வெசம் புடிச்ச நத்தை கீதுடா அதுல. ஓடு இல்லாத நத்தை."

"ஓடு இல்லாத நத்தையா?" சிரிக்கிறான். "அப்டியே கொம்பு மொளைச்ச கோழி ஒண்ணு இருந்தா சொல்லு, ஆடிக்கு அறுக்கலாம்."

ஆடியில கூழ் ஊத்தறதுக்குத் தம்பி வூட்டுக்குப் போனேன். கன்னியம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, குசுகுசுன்னு சொன்னா. "அண்ணி, குட்டைல கடல் அட்டை வந்துடுச்சு. ஒரே ரோதனை. கையில மாட்டுனா ஒடம்பெல்லாம் நடுங்குது. பூ மாதிரி எடுத்துப் பத்திரமா தண்ணிலயே வுட்டுடறோம்."

கடல் அட்டைன்னா எங்க ஜனத்துக்கு அப்டி ஒரு நடுக்கம். அது அரசாங்கம் காப்பாத்தற ஜீவன். ஒண்ணு வச்சிருந்தாலும் கேஸு, ஜெயிலு. அதனால கையில மாட்டுனதை ஒருத்தரும் கரையில வீசல, மிதிக்கல, நசுக்கல. தடவற எடத்துல தொந்தரவா இருக்குன்னு குட்டையோட அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் வேற விட்டிருக்காங்க. குட்டை முழுக்க அதுங்க பரவுறதுக்கு எங்க ஜனமே கைத்தாங்கலா தூக்கிக்கினு போயிருக்கு!

"கடல் அட்டைன்னு யாருடி சொன்னது?"

"ஒரு ஆபீசர் சார், அண்ணி. வாராவாரம் ஸ்கூட்டர்ல வந்து கரையில குந்திக்கினு பாத்துக்கினே இருப்பார். கழுத்துல அடையாள அட்டை மாட்டிக்கினு கீறார். 'இது கடல் அட்டைம்மா, தொடக்கூடாது, கேஸ் ஆயிடும்'னு நல்ல மாதிரிதான் சொன்னார்."

மறைமலை நகர் கம்பெனி கார்டைப் பாத்து காட்டிலாகா ஆபீசர்னு நெனச்சிருக்காங்க. நத்தைன்னு டாக்டர் சொன்னதை எங்களோட சேந்து கேட்டவர்தான் சார். வாழ்க்கையில ஒரு பொய் சொல்லாத மனுஷன் இதுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கார். எதையும் விட்ட எடத்துல திரும்பிப் பாக்காதவர், இதை மட்டும் வாராவாரம் போய்ப் பாத்திருக்கார். நான் அங்கயே கத்துனேன், அவர் ஆபீசர் இல்ல, என் மாடி வூட்டுக்காரர், அது அட்டை இல்ல, வெசம்னு. தம்பி நம்பல. "கேஸ் ஆனா நீ வந்து ஜாமீன் எடுப்பியா? அவரு படிச்சவரு மாதிரி பேசறாரு, நீ கூழைக் குடிச்சுட்டுக் கெளம்பு"ன்னுட்டான்.

அந்த வாரமே கன்னியம்மா விழுந்தா. தண்ணிலேர்ந்து கரையேறும்போதே தள்ளாடுனாளாம். அதைக் கையில எடுத்து எடுத்து விட்டிருக்கா, அந்தக் கொழகொழப்போட பறிக் கயித்தைப் புடிச்சு மறுபடி மறுபடி வாயில கடிச்சிருக்கா. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூக்குல குழாய். என் கையைப் புடிக்கப் பாத்தா, வெரலு மடங்கல. "அண்ணி, என் ஒதடு என்னுது இல்லாத மாதிரி கீது"ன்னா. அவ்ளோதான், பேச்சு கொளறிடுச்சு. கண்ணு மட்டும் முழிச்சுக்கினு என்னையே பாக்குது. பட்டாணி என் மடியில அப்டித்தான் பாத்துச்சு. நான் எத்தனையோ சாவு பாத்தவ, அன்னிக்கு மாதிரி பயந்ததில்ல. மூச்சு நிக்குதா நிக்குதான்னு அவ நெஞ்சையே பாத்துக்கினு உக்காந்திருந்தேன். மறுநாள் மத்தியானம்தான் வெரலை அசைச்சா.

நேரா வந்து மாடி ஏறுனேன். மரியாதையெல்லாம் அப்ப எனக்கு நெனப்பில்ல. "நீங்க விட்டது என் தம்பி பொண்டாட்டி வாயில வந்து நிக்குது சார்! அவ செத்திருந்தா யாரு சார் பொறுப்பு? கொசுவுக்குப் பசிக்கும், கன்னியம்மாவுக்குப் பசிக்காதா?" சார் அப்டியே தரையில உக்காந்துட்டார். ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். அக்கா தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. கொஞ்சம் தெளிஞ்சப்புறம், மூக்கைத் தொடச்சுக்கினு மெதுவா கேட்டார்.

"நிறைய ஆயிடுச்சா, அதுங்க?"

அந்தக் குரல்ல ஒரு துளி சந்தோஷம் இருந்துச்சு. பேரப்புள்ளைங்களைப் பத்தி விசாரிக்கிற மாதிரி. அவருக்கே அது தெரியல. அக்காவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினோம். கன்னியம்மா நெஞ்சைப் பாத்துக்கினு உக்காந்திருந்தப்ப வந்த பயத்தைவிட இது வேற மாதிரி பயம்.

ஆனா வந்தார். அதை நான் சொல்லித்தான் ஆகணும். புரட்டாசியில குட்டையை எறைச்சுடறதுன்னு எங்க ஜனம் முடிவு பண்ணப்ப, கம்பெனிக்கு லீவு போட்டுட்டு முதல் ஆளா வந்து நின்னார். எல்லார் முன்னாடியும், "அது அட்டை இல்ல, நான் சொன்னது பொய்"னார். ஏழுமலை கையை ஓங்கிட்டான். சார் முகத்தைத் திருப்பாம அடிக்குக் காத்துக்கினு நின்னார். அவனால அடிக்க முடியல, கையை எறக்கிட்டு மோட்டாரைப் போடப் போய்ட்டான். தண்ணி கழிப்பக்கம் போயிடக் கூடாதுன்னு மேட்டு மணல்ல குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, அதுல எறைச்சாங்க. தண்ணி வத்த வத்த சேறு மொத்தமும் நெளிஞ்சுது. முதல்ல காலை வைக்க முடியாம கரையில நின்னேன், அப்புறம்தான் எறங்குனேன்.

சார் கையுறை மாட்டிக்கினு எறங்குனார். நாங்கல்லாம் பாத்துட்டுத் தாண்டிப் போன எடத்துல அவர் நின்னு, கல்லைப் பெரட்டி, அடியில ஒட்டியிருந்த வெள்ளை நாடாவைச் சொரண்டி எடுத்தார். கம்பெனிக் கண்ணு! ஒவ்வொண்ணா எடுத்து, சுண்ணாம்பு வாளிக்குள்ள போட்டார். முதல் ஒண்ணைப் போடும்போது அவர் தோளு குலுங்குச்சு. அப்புறம் குலுங்கல. கண்ணுலேர்ந்து தண்ணி மட்டும் நிக்காம ஊத்துது, கை பாட்டுக்கு எடுக்குது, போடுது. யாரும் அவரோட பேசல. தெனமும் இதே வேலை, குட்டை காஞ்சு வெடிக்கிற வரைக்கும்.

கடைசி நாள் சாயங்காலம், சேத்துல ஒண்ணும் இல்லைன்னு ஏழுமலை சொன்னான். கிழக்கால வானம் கருத்துக்கினு வந்துச்சு. ஜனமெல்லாம் மண்வெட்டியைத் தூக்கிக்கினு கெளம்பிட்டாங்க. சார் மட்டும் குட்டையோட அந்தக் கோடியில, கழியை ஒட்டுன கரைக்கிட்ட குனிஞ்சுக்கினு இருந்தார். கரையைத் தாண்டி அந்தப் பக்கம் எறங்குனது தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். அப்புறம் மெதுவா ஏறி, என்னைப் பாத்து நடந்து வந்தார்.

"முடிஞ்சுதா சார்?"

நின்னார். என் முகத்தைப் பாக்கல.

"ஒண்ணை விட்டுட்டேம்மா."

"விட்டுட்டீங்கன்னா? கண்ணுக்குத் தப்பிடுச்சா சார்? இல்ல... கொண்டுபோய் விட்டுட்டீங்களா?"

எங்க எல்லார் கையும் சேறும் சுண்ணாம்புமா வெடிச்சுப் போய்க் கெடந்துச்சு. அவர் கையுறையைக் காணோம். கை ரெண்டும் முழங்கை வரைக்கும் ஈரமா, சுத்தமா இருந்துச்சு. பெரிய பெரிய துளியா மழை விழ ஆரம்பிச்சுது. அந்த ஈரக் கையில எங்கேர்ந்தோ ஒரு கொசு வந்து குந்திக்கினு குடிச்சுக்கினு இருந்துச்சு. நான் அவர் கையையே பாத்தேன். அடிங்க சார், அடிங்கன்னு மனசுக்குள்ள கத்துனேன்.

சார் குனிஞ்சு, வாயைக் குவிச்சு, மெதுவா ஊதுனார்.

"போ... போ."